எழும்பூர் புனித அந்திரேயா ஆலயம்

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அருகே, பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் உயர்ந்து நிற்கும் இந்த ஆலயத்தைப் பழைய சென்னைவாசிகள் 'கர்க்' என்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக எழுந்தது. 1818 ஏப்ரல் 6 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 1821இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது.

கட்டியவர் மேஜர் தாமஸ் டி ஹாவிலண்ட், மதராஸ் ராணுவப் பொறியாளர். 1815இல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் பேராலயமும் அவர் கைவண்ணமே. செங்கல் வளைவின் வலிமையில் அவருக்கு அசையாத நம்பிக்கை இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சுமார் 100 அடி அகலத்துக்கு ஒற்றைச் செங்கல் வளைவைக் கட்டி, அந்த நம்பிக்கையை முன்பே சோதித்துப் பார்த்தவர் அவர்.

லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் கட்டிய செயின்ட் மார்ட்டின் தேவாலயமே கர்க்குக்கு முன்மாதிரி. ஆனால் வழிபாட்டுக் கூடத்தை வட்டமாக அமைத்து, 16 தூண்களின் மேல் ஏறத்தாழ 51 அடி விட்டமுள்ள செங்கல் குவிமாடத்தை எழுப்பியதில் கர்க் தன் வழியே போனது. கூரைக்கு மரம் வேண்டாம் என்று டி ஹாவிலண்ட் முடிவெடுக்கக் கரையான்தான் காரணம். மரமில்லாக் கூரை சென்னைக்குப் புதிதுமல்ல. கோட்டைக்குள் 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி ஆலயத்துக்கும் கனத்த செங்கல் வளைவுக் கூரைதான். அங்கே அஞ்சியது பீரங்கிக் குண்டுக்கு. கர்க்கின் குவிமாடத்தின் உட்புறம் நீல வானமாகத் தீட்டப்பட்டு, அதில் நட்சத்திரங்கள் மின்னுகின்றன.

இத்தனை பாரத்தையும் தாங்க வேண்டிய மண்ணோ சதுப்பு. வழக்கமான அடித்தளம் போட்டிருந்தால் கட்டடம் அமிழ்ந்திருக்கும். அதனால் உறைகிணறு இறக்கும் உள்ளூர் முறையையே டி ஹாவிலண்ட் கைக்கொண்டார். சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிச் சுமார் 150 கிணறுகள் தோண்டப்பட்டன. 14 அடி முதல் 50 அடி வரை ஆழம். அவற்றை நிரப்பி, அவற்றின் மேல் சுவர்களும் தூண்களும் எழுப்பப்பட்டன. ஏறத்தாழ 166 அடி உயரக் கோபுரமும் அந்தக் கிணறுகளை நம்பியே நிற்கிறது.

வெளிப்பார்வைக்கு ஐரோப்பியக் கட்டடம். காலடியில் இருப்பது தமிழ்நாட்டுக் கிணறுவெட்டிகளின் கைத்திறன். பொறியாளரின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவர்களையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயமாக இன்றும் இங்கே வழிபாடு நடக்கிறது.