சான்று தரும் அதிகாரம் யாருக்கு?

காரைக்காலைத் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெற்றது 1739இல். இடையிடையே ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த ஆண்டுகள் போக, 1954 நவம்பர் 1 வரை அங்கே அவர்கள் ஆட்சிதான். அந்த ஆட்சியில் நோட்டரி எழுதி முத்திரையிட்ட பத்திரம் செல்லுபடியானது. அந்த முத்திரைக்கு வலுத் தந்தது அரசு. இணையத்தில் ஒரு தளம் அசலானது என்று காட்டும் சான்றிதழுக்கோ, அரசு மட்டும் நினைத்தால் வலுத் தந்துவிட முடியாது. இந்தியா இதை 2014இல் நேரடியாகக் கண்டது.

1995இல் நெட்ஸ்கேப் தன் உலாவியில் எஸ்.எஸ்.எல். முறையைச் சேர்த்தது. கடன் அட்டை எண்ணை வழியில் யாரும் படிக்கக் கூடாது; அது போய்ச் சேரும் தளமும் போலியாக இருக்கக் கூடாது. முதல் காரியத்தைக் குறியாக்கம் பார்த்துக்கொண்டது. இரண்டாவதற்குத் தேவைப்பட்டது சான்றிதழ். யார் வழங்கும் சான்றிதழை நம்பலாம் என்ற பட்டியல் உலாவியிலோ இயங்குதளத்திலோ இருக்கும். பட்டியலில் இல்லாதவர் வழங்கியதென்றால் எச்சரிக்கைத் திரைதான் வரும்.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், சான்றளிக்கும் அமைப்புகளுக்கு உரிமம் தர ஒரு கட்டுப்பாட்டாளரை நியமிக்க வழிசெய்தது. 2002இல் முதல் உரிமம் பெற்றது சத்யம் இன்ஃபோவேயின் துணை நிறுவனமான சேஃப்ஸ்கிரிப்ட். தேசிய தகவலியல் மையமும் உரிமம் பெற்றது. இவர்கள் எல்லோருடைய சான்றுக்கும் அடிப்படையான கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழை மைக்ரோசாஃப்ட் தன் பட்டியலில் ஏற்றது. ஃபயர்ஃபாக்ஸின் பட்டியலில் அது இல்லை.

2014 ஜூலை 2 அன்று, தன் முகவரிகளுக்கு அனுமதியின்றிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதைக் கூகுள் கண்டறிந்தது. அவை தேசிய தகவலியல் மையத்தின் பெயரில் வெளிவந்தவை. மூலச் சான்றிதழின் கீழ் மையம் வைத்திருந்த இடைநிலைச் சான்றிதழ்களை மறுநாளே கட்டுப்பாட்டாளர் ரத்து செய்தார். மையத்தின் வழங்கல் முறைக்குள் ஊடுருவல் நடந்திருந்தது. அடுத்த வாரமே, இந்திய மூலச் சான்றிதழை ஏழு முகவரி வட்டங்களுக்குள் மட்டுமே குரோம் ஏற்கும் என்று கூகுள் அறிவித்தது. ஜிஓவி.இன், ஏசி.இன் இரண்டும் அந்த ஏழில் அடக்கம்.

காரைக்கால் மாவட்ட நிர்வாகமும் அங்குள்ள என்.ஐ.டி.யும் இந்த வட்டங்களில்தான் முகவரி வைத்திருக்கின்றன. ஆனால் அதே ஊரில் .காம் முகவரி வைத்திருக்கும் ஒரு கடைக்கு, இந்திய அரசின் சான்றுவழி குரோமில் அடைபட்டுப்போனது.

மாற்று வழி அடுத்த ஆண்டே திறந்தது. 2015 டிசம்பர் 3 அன்று லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றளிக்கும் அமைப்பு எல்லோருக்கும் இலவசமாகச் சான்றிதழ் தரத் தொடங்கியது. சொந்தக் கணினியில் இணையச் செயலி நடத்துபவர் செர்ட்பாட் நிரலை நிறுவினால் போதும். அது ஒரு சாவி இணையை உருவாக்கி, லெட்ஸ் என்கிரிப்ட் குறிக்கும் ஒரு கோப்பை வெப் சர்வரில் வைக்கும். எண்பதாம் போர்ட் வழியே அந்தக் கோப்பைப் படிக்க முடிந்தால், முகவரி உங்கள் வசம் இருப்பது உறுதியாகிச் சான்றிதழ் வரும். வெளியிலிருந்து நுழைய முடியாத வீட்டு இணைப்பு என்றால், டி.என்.எஸ். பதிவில் ஒரு வரியைச் சேர்த்தும் இதை நிரூபிக்கலாம்.

திருட்டுச் சான்றிதழைப் பிடிக்கவும் வழி பிறந்தது. 2018 ஏப்ரல் 30க்குப் பின் வழங்கப்படும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏறியிருக்க வேண்டும் என்று குரோம் விதித்தது. தன் முகவரிக்கு வேறு யாராவது சான்று வாங்கியிருக்கிறார்களா என்று இன்று எவரும் தேடிப் பார்க்கலாம்.

லெட்ஸ் என்கிரிப்ட் தொடக்கத்திலேயே சான்றிதழின் ஆயுளை 90 நாளாக வைத்தது. உலாவி நிறுவனங்களும் சான்றளிப்போரும் 2025இல் எடுத்த முடிவின்படி, 2029 மார்ச்சிலிருந்து வழங்கப்படும் எந்தப் பொதுச் சான்றிதழும் 47 நாளுக்கு மேல் செல்லாது. நாட்காட்டியில் குறித்துவைத்துக் கையால் புதுப்பிக்கும் பழக்கம் அதற்கு ஈடுகொடுக்காது. சர்வரை நிறுவும் அன்றே தானியங்கிப் புதுப்பித்தலையும் அமைத்து, செர்ட்பாட்டின் ஒத்திகைக் கட்டளையால் ஒருமுறை சோதித்துவிட வேண்டும்.