தொலைந்த நாடாக்களும் தொடரும் விவாதமும்



"அந்தக் காலத்துப் படம்போல் இன்று வருமா?" எனும் கேள்வி ஒலிக்காத வீடு நம்மிடையே அரிது. பேராக் மாநிலத் தோட்டங்களில் திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய நாள்களைக் கண்ட பெரியோர், எம்.ஜி.ஆர். படமா சிவாஜி படமா என்று இன்றும் வழக்காடுவர். பழையது உண்மையிலேயே சிறந்ததா, நம் நினைவில் மட்டும் சிறந்ததா? இதனை ஆராய அரியதொரு சான்று, பிரிட்டனின் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரான 'டாக்டர் ஹூ'வின் வரலாற்றில் கிடைக்கிறது.

ஆசிரியர்கள் பயணம் சென்ற தொடர்

இத்தொடர் 1963 நவம்பர் 23ஆம் நாள் பிபிசியில் தொடங்கியது. நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பே அதற்கு ஐந்து வாரங்கள் கழித்து, டிசம்பர் 28இல்தான் தொடங்கியது. காலத்தையும் விண்வெளியையும் கடந்து செல்லும் 'டாக்டர்' என்பவரின் கதை இது. முதற்கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் இந்தியாவின் லக்னோவில் பிறந்தவர். டாக்டருடன் முதலில் பயணம் சென்றோருள் இருவர் பள்ளி ஆசிரியர்கள்; ஒருவர் அறிவியல் ஆசிரியர், மற்றவர் வரலாற்று ஆசிரியை. சிறுவர்க்கு அறிவியலையும் வரலாற்றையும் கதை வழியாகப் புகட்டுவது தொடக்க நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

தொடரை உருவாக்கியோருள் முதன்மையானவரான சிட்னி நியூமன், விண்வெளி அரக்கர்கள் வேண்டா என்றார். ஆயினும் இரண்டாம் கதையிலேயே 'டாலெக்' எனும், இயந்திர ஓடு பூண்ட உயிர்கள் வந்தன. சிறுவர்கள் அவற்றைக் கொண்டாடினர். 1967க்குள் அறிவியல் புனைவு கலவாத வரலாற்றுக் கதைகள் ஏறத்தாழ நின்றுபோயின. தொடர் உயர்ந்ததா, தாழ்ந்ததா எனும் விவாதத்திற்கு அன்றே வித்து ஊன்றப்பட்டது.

சான்று இல்லாத தீர்ப்பு

அக்காலத்தில் ஒளிப்பதிவு நாடாக்கள் விலை மிகுந்தவை. அழித்து மீண்டும் பயன்படுத்தத் தக்கவை. மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தங்கள் வரம்பு விதித்திருந்தன. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளைப் பதிவுகளுக்கு மதிப்பும் குறைந்தது. ஆகவே 1970களின் இறுதி வரை, பழைய பதிவுகள் பல அழிக்கப்பட்டன. முதல் ஆறு ஆண்டுகளில் ஒளிபரப்பான பகுதிகள் 253. பிற்காலத்தில் சில மீட்கப்பட்டும், 2013 இறுதியில் 97 பகுதிகள் கிடைக்காமலே இருந்தன.

பார்க்க இயலாத கதைகளைப் பற்றியும் இரசிகர்கள் தீர்ப்பு வழங்கினர் என்பதே வியப்பு. 1967இல் வெளிவந்த 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' எனும் நான்கு பகுதிக் கதை ஈடிணையற்றது என்று சிறுவயதில் அதனைப் பார்த்தோர் கூறினர். பாராதோரும் அதனை நம்பினர். அதன் நான்கு பகுதிகளும் ஹாங்காங்கில் கிடைத்து, 1992இல் வெளியிடப்பட்டன. பலர் மகிழ்ந்தனர். வேறு சிலரோ, நடிகரைத் தூக்கிய கம்பி திரையில் தெரிவதையும், கறுப்பினப் பாத்திரம் ஒன்று படைக்கப்பட்ட முறையையும் கண்டு முகம் சுளித்தனர். கதை மாறவில்லை, சான்று கைக்கு வந்தது, அவ்வளவே.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. 1967 டிசம்பரில் தொடங்கி ஆறு பகுதிகளாக வந்த 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்' கதையில் மூன்றாம் பகுதி மட்டுமே நெடுங்காலம் எஞ்சியிருந்தது. அதுவோ பெரும்பாலும் அறைகளிலும் நடைக்கூடங்களிலும் நிகழும் மெதுவான பகுதி. அந்த ஒன்றை வைத்து முழுக் கதையும் சோர்வானது என்றே பலர் எண்ணினர். எஞ்சிய ஐந்து பகுதிகளும் நைஜீரியாவில் கண்டெடுக்கப்பட்டு, 2013 அக்டோபரில் வெளியாயின. டாக்டராகவும் கொடுங்கோலனாகவும் இரட்டை வேடமேற்ற பேட்ரிக் டிரௌட்டனின் நடிப்பை அப்போதுதான் முழுமையாகக் காண முடிந்தது. கதையின் மதிப்பு உயர்ந்தது.

குறை கூறிய இளைஞர்

1986 டிசம்பரில், கிறிஸ் சிப்னல் எனும் பதினாறு வயது இரசிகர் பிபிசியின் 'ஓப்பன் ஏர்' நிகழ்ச்சியில் தோன்றி, அவ்வாண்டுத் தொடரின் எழுத்தைக் குறை கூறினார். எழுதியவர்களே அந்நிகழ்ச்சியில் பங்கேற்று விடையளித்தனர். அவ்விளைஞரே பிற்காலத்தில் தொடரின் தலைமைப் பொறுப்பேற்றார். 2018இல் அவர் படைப்பு ஒளிபரப்பானது. டாக்டர் பாத்திரத்தின் நாயகியாக ஜோடி விட்டேக்கர் நடித்தார். இப்போது சிப்னலின் எழுத்தை இளைய இரசிகர்கள் குறை கூறினர்! குறை கூறியது அவரைத் தொடரிலிருந்து விலக்கவில்லை. அதனிடமே கொண்டு சேர்த்தது. "நன்றாக இல்லை" என்று நம் மாணவன் சொல்லும்போது, அவனை அதட்டுவதைவிட "எந்த இடம்? ஏன்?" என்று கேட்பதே ஆசிரியர்க்கு அழகு.

நமக்கு என்ன பாடம்?

இவ்வரலாற்றில் என்னை மிகவும் நெகிழச் செய்தது வேறொன்று. 2013 இறுதியில் கிடைக்காதிருந்த அந்த 97 பகுதிகளுக்கும் ஒலிப்பதிவு உண்டு. 1960களில் இரசிகர்கள் சிலர், தொலைக்காட்சியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவு செய்தனர். நிறுவனம் அழித்ததை வீட்டுப் பிள்ளைகள் காத்தனர்.

ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் இருந்த இரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்ட வாழ்க்கை பொற்காலம் என்கிறார் ஒருவர்; துயரம் அன்றி வேறில்லை என்கிறார் மற்றொருவர். இருவர் கையிலும் இருப்பது ஒரு பகுதி மட்டுமே. மூன்றாம் பகுதியை வைத்து ஆறு பகுதிகளுக்கும் தீர்ப்பளித்த பிழையை நாமும் செய்யலாமா? பால்மரம் சீவியவர், பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா, தோட்டப் பள்ளியில் கற்பித்தவர், கங்காணியின் குடும்பத்தார் எனப் பலர் குரலும் சேர்ந்தால்தான் முழுக்கதை கிடைக்கும்.

பெற்றோர்களே, இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசி உண்டு. விடுமுறையில் பிள்ளைகள் தாத்தா பாட்டியின் பேச்சைப் பதிவு செய்யட்டும். பேசியவர் பெயர், தோட்டத்தின் பெயர், நாள் ஆகியவற்றைக் குறித்து வைக்கட்டும். பழைய நிழற்படங்களில் இருப்போர் யாவர் என்பதை, சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதி வைக்கட்டும். ஆசிரியர்களே, பழைய பள்ளி இதழ்களையும் பதிவேடுகளையும் குப்பைக்கு அனுப்பும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

எக்காலம் சிறந்தது என்று நம் பேரப்பிள்ளைகளும் வழக்காடுவர். தாராளமாக வழக்காடட்டும். அவர்கள் கையில் சான்று இருக்குமாறு செய்வது நம் கடமை.