தாய்ப்பலகையும் நினைவகமும்: வீட்டுக் கணினி மேம்படுத்தலில் தேர்வு

தாய்ப்பலகை என்பது செயலி, நினைவகம், சேமிப்பகம், வரைவியல் அட்டை முதலிய கணினி உறுப்புகள் அனைத்தும் வந்து பொருந்துகின்ற, அவற்றுக்கிடையே மின்சாரத்தையும் தரவையும் கொண்டுசெல்லும் செப்புத் தடங்களைப் பல அடுக்குகளாகத் தன்னுள் அடக்கிய அச்சு மின்சுற்றுப் பலகையாகும். கடைத்தெருவில் இது மதர்போர்டு என்றும், வெறுமனே போர்டு என்றும் வழங்கும். நினைவகம் என்பது இங்கு ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்தைக் குறிக்கும்; செயலி கையாளும் நிரல்களும் தரவும் கணினி இயங்கும் வரை இதில் தங்கியிருந்து, மின்சாரம் நின்றதும் அழிந்துபோகும். வீட்டுக் கணினியை மேம்படுத்த முனைவோர் இவ்விரண்டையும் தனித்தனிப் பொருள்களாக எண்ணி விலை விசாரிப்பது வழக்கம் என்றாலும், செயலியையும் சேர்த்து மூன்றும் ஒரே முடிவுக்குள் அடங்குபவை. போர்டை மாற்றினால் மற்ற இரண்டில் ஒன்றேனும் உடன் மாற வேண்டிவருவதே பெரும்பான்மை. விற்பனையாளர்கள் மூன்றையும் சேர்த்துக் காம்போ என்று விலை சொல்வதற்குக் காரணமும் இதுவே.

தாய்ப்பலகை தன்னளவில் வேகம் எதையும் கூட்டுவதில்லை. நடுத்தர வகைச் செயலி ஒன்றை அதே நினைவகத்துடன் எளிய பலகை ஒன்றிலும் அதைப்போல் மூன்று மடங்கு விலையுள்ள பலகை ஒன்றிலும் பொருத்தி இயக்கினால், அன்றாட வேலைகளில் வேறுபாடு புலப்படுவது அரிது. எதைப் பொருத்தலாம், எவ்வளவு பொருத்தலாம், பின்னாளில் எதைச் சேர்க்க முடியாமல் போகும் என்னும் எல்லைகளை வகுப்பதே பலகையின் பணி. ஆகவே ஒரு பலகையை மதிப்பிடும்போது அது தருவதைக் காட்டிலும் தடுப்பதைப் பார்ப்பதே பொருத்தமானது. வண்ண விளக்குகளுக்காகக் கூடுதலாகத் தரும் பணம் நினைவகத்தின் கொள்ளளவுக்குச் சென்றால் பயன் மிகும்.

சாக்கெட்டும் சிப்செட்டும்

செயலி அமரும் இடம் சாக்கெட் எனப்படும். இன்டெல் நிறுவனம் தன் சாக்கெட்டுகளை அவற்றின் தொடுமுனைகளின் எண்ணிக்கையைக் கொண்டே பெயரிடுவதால், 2013இல் வந்தது எல்ஜிஏ 1150 என்றும், 2015இல் வந்தது எல்ஜிஏ 1151 என்றும், அடுத்தடுத்து 2020, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் வந்தவை முறையே எல்ஜிஏ 1200, எல்ஜிஏ 1700, எல்ஜிஏ 1851 என்றும் பெயர் பெற்றன. இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு ஒருமுறை சாக்கெட்டை மாற்றிவிடும் இவ்வழக்கத்தால், இன்டெல் செயலியைக் கொண்ட கணினியில் போர்டை வைத்துக்கொண்டு செயலியை மட்டும் புதுப்பிக்கும் வாய்ப்பு குறைவு. சாக்கெட் பொருந்தினாலே செயலி இயங்கும் என்று கொள்வதற்கும் இல்லை. 2017இல் வெளிவந்த எட்டாம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் எல்ஜிஏ 1151இல் வடிவத்தளவில் அமர்ந்தபோதும், 100, 200 வரிசைச் சிப்செட்டுகளை உடைய பழைய பலகைகளில் அவை முறைப்படி இயங்கவில்லை. 300 வரிசைப் பலகையைப் புதிதாக வாங்க வேண்டியிருந்தது.

ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் இதற்கு மாறான வரலாறு உடையது. 2016இல் அறிமுகமான இந்தச் சாக்கெட்டுக்கு 2024க்குப் பின்னரும் புதிய செயலிகள் வந்தன. இடையில் ஒரு சிக்கலும் எழுந்தது: கணினி எழும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் பல பலகைகளில் 16 மெகாபைட்டுச் சில்லு ஒன்றிலேயே அடங்க வேண்டியிருந்ததால், எல்லாத் தலைமுறைச் செயலிகளுக்குமான குறிப்புகளுக்கு அதில் இடம் போதவில்லை. 2020 மே மாதத்தில், 400 வரிசைப் பலகைகளுக்கு அடுத்த தலைமுறைச் செயலிகள் பொருந்தா என்று அறிவித்த நிறுவனம், பயனாளர்களின் எதிர்ப்பால் அதே மாதத்திலேயே முடிவை மாற்றிக்கொண்டது. இதன் விளைவாக 2018இல் பி450 பலகை வாங்கியவர் பயாஸைப் புதுப்பித்து, 2022இல் வெளிவந்த ரைசன் 5800எக்ஸ்3டி செயலியையும் அதில் பொருத்திக்கொள்ள முடிந்தது. பலகையைச் சிக்கனமாகத் தேர்ந்து அதன்பின் நெடுங்காலம் பயன்பெற்றமைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தில் இல்லை. 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கும் நீண்ட ஆதரவு உறுதியளிக்கப்பட்டிருப்பது, புதிதாகத் தொடங்குவோர் கருத்தில் கொள்ளத்தக்கது.

சிப்செட் என்பது யுஎஸ்பி, சேமிப்பகம், வலையமைப்பு போன்ற இணைப்புகளை மேலாளும் துணைச் சில்லாகும். ஒரு காலத்தில் வட பாலம், தென் பாலம் என இரண்டு சில்லுகளாக இருந்த இதில், நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு வட பாலத்திடம் இருந்தது. ஏஎம்டி 2003இல் அத்லான் 64 செயலியிலும், இன்டெல் 2008இல் முதல் கோர் ஐ7 செயலிகளிலும் அப்பொறுப்பைச் செயலிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. எந்த நினைவகம் பொருந்தும் என்பதைப் போர்டும் செயலியும் சேர்ந்தே முடிவுசெய்வதற்கு இம்மாற்றமே காரணம். சிப்செட்டின் பெயரில் உள்ள முதலெழுத்து அதன் படிநிலையைக் காட்டும்: இன்டெல் வரிசையில் எச்610 எளியது, பி760 நடுத்தரமானது, இசட்790 செயலியை அதன் வரையறுத்த வேகத்துக்கு மேல் ஓட்டவும் இடம் தருவது. எச்610 பலகைகளில் நினைவகச் செருகுவாய்கள் இரண்டே இருப்பதையும், நினைவகத்தை வரையறைக்கு மேல் ஓட்ட அது இடந்தராததையும் நோக்கினால், பெரும்பாலான வீடுகளுக்கு நடுத்தர வரிசையே உகந்தது என்று சொல்லலாம்.

சிப்செட்டின் பெயர் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்க, அதைவிட முதன்மையான மின்னழுத்தச் சீராக்கி கவனத்துக்கு வராமலே போகிறது. மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை, செயலிக்கு வேண்டிய ஏறத்தாழ 1.25 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் சுற்று இது. 125 வாட் செலவிடும் செயலிக்கு அந்த மின்னழுத்தத்தில் 100 ஆம்பியர் மின்னோட்டம் தேவைப்படும் என்பது எளிய வகுத்தல் கணக்கு. மலிவுப் பலகையின் சீராக்கி இத்தகைய சுமையை நெடுநேரம் தாங்காது சூடேறும்போது, செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உயர்வகைச் செயலியை எளிய பலகையில் பொருத்தியவர் கொடுத்த விலைக்குரிய வேகத்தைப் பெறாமல் போவது இவ்வாறே. போர்டால் வேகம் கூடுவதில்லை என்று மேலே கூறியதற்கு, போர்டால் வேகம் குறையாது என்று பொருளில்லை.

அளவைப் பொறுத்தவரை, 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் பலகை 305க்கு 244 மில்லிமீட்டர் கொண்டது. மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 மில்லிமீட்டர் சதுரம், மினி ஐடிஎக்ஸ் 170 மில்லிமீட்டர் சதுரம். பெரிய கேபினெட்டில் சிறிய பலகை பெரும்பாலும் பொருந்தும். நிறுவனப் பெயருடன் முழுமையாக வாங்கிய கணினிகளில் பலகையின் வடிவமும் மின்செருகியும் அந்நிறுவனத்துக்கே உரியனவாக இருக்கக்கூடும் என்பதால், போர்டோடு கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் மாறவேண்டிய நிலை அவற்றில் அடிக்கடி நேர்கிறது.

நினைவகத்தின் தலைமுறைகள்

இன்றைய ரேம், ஐபிஎம் நிறுவனப் பொறியாளர் ராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் என்னும் இவ்வமைப்பில், மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், ஒவ்வொரு நொடியிலும் பல முறை அதைப் படித்து மீண்டும் எழுத வேண்டும். டைனமிக் என்னும் அடைமொழி இதனால் வந்தது. இதன் வளர்ச்சியான டிடிஆர் வகை, கடிகாரத் துடிப்பின் ஏற்றத்திலும் இறக்கத்திலுமாகத் துடிப்புக்கு இருமுறை தரவைக் கடத்துவது. 2000ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட முதல் தலைமுறை 2.5 வோல்ட்டில் இயங்கியது. 2007இன் டிடிஆர்3 1.5 வோல்ட்டிலும், 2012இன் டிடிஆர்4 1.2 வோல்ட்டிலும், 2020இன் டிடிஆர்5 1.1 வோல்ட்டிலும் இயங்குகின்றன. கடைகளில் ஸ்டிக் எனப்படும் ரேம் பட்டையில் டிடிஆர்3க்கு 240 தொடுமுனைகளும் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 தொடுமுனைகளும் உள்ளன. பின்னவை எண்ணிக்கையில் ஒத்திருந்தாலும், அடிவிளிம்பில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் அமைந்திருப்பதால் ஒன்று மற்றொன்றின் செருகுவாயில் இறங்காது. பட்டை இறங்க மறுக்கும்போது அழுத்திப் பார்ப்பவர் செருகுவாயை இழப்பார்.

எனவே பழைய ரேமைப் புதிய போர்டில் பயன்படுத்தலாமா என்னும் கேள்விக்கு விடை தலைமுறையைப் பொறுத்தது. ஏஎம்5 பலகைகள் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் வரும் 12 முதல் 14ஆம் தலைமுறை வரையிலான இன்டெல் மேசைக்கணினிச் செயலிகள் இரு வகையையும் கையாளவல்லவை; எந்த வகை என்பதை வாங்கும் பலகை தீர்மானிக்கும். ஒரே பெயருடைய பலகை டி4 என்னும் பின்னொட்டுடனும் அது இல்லாமலும் விற்கப்படுவதுண்டு என்பதால் பெட்டியைப் படித்துப் பார்ப்பது இன்றியமையாதது. நினைவகச் சில்லு உற்பத்தியாளர்கள் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பக்கம் திரும்பியதால் 2025இன் இறுதியில் ரேம் விலை கடுமையாக உயர்ந்தது. மைக்ரான் நிறுவனம் நேரடி நுகர்வோருக்கான தன் குருஷியல் வணிகத்திலிருந்து விலகுவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. இத்தகைய சூழலில், கையில் உள்ள டிடிஆர்4 பட்டைகளை வைத்துக்கொண்டு அதற்கேற்ற பலகையைத் தேடுவது பழமைப் பற்று ஆகாது.

கொள்ளளவு, சானல், வேகம் என்னும் மூன்றில் கொள்ளளவே முதலிடம் பெறும். தேவையான இடம் ரேமில் இல்லாதபோது இயங்குதளம் சேமிப்பகத்தை நாடும். அது பன்மடங்கு மெதுவானது என்பதால், மற்றவை எவ்வளவு விரைவாக இருந்தாலும் கணினி தள்ளாடும். உலாவியும் அலுவலக மென்பொருளும் மட்டும் பயன்படும் வீட்டுக்கு 8 ஜிபி ஒருவாறு போதும் எனினும், புதிதாக வாங்குவோர்க்கு 16 ஜிபி என்பதே பொருத்தமான தொடக்கம். காணொளித் தொகுப்புக்கும் பெரிய விளையாட்டுகளுக்கும் 32 ஜிபி வேண்டியிருக்கும்.

சானல் என்பது செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே உள்ள 64 பிட் அகலப் பாதை. வீட்டுக் கணினிகளில் இத்தகைய பாதைகள் இரண்டு. டிடிஆர்4-3200 வகைப் பட்டை நொடிக்கு 320 கோடி முறை, முறைக்கு 8 பைட்டாகத் தரவைக் கடத்துவதால், ஒரு சானலில் நொடிக்கு 25.6 ஜிபியும் இரண்டில் 51.2 ஜிபியும் உச்ச வரம்பாகின்றன. எனவே 16 ஜிபிப் பட்டை ஒன்றை விட 8 ஜிபிப் பட்டைகள் இரண்டு மேலானவை. தனி வரைவியல் அட்டை இல்லாமல் செயலியின் உள்ளமைந்த வரைவியல் பகுதியையே நம்பும் கணினிகளில் இவ்வேறுபாடு கண்கூடாகத் தெரியும். நான்கு செருகுவாய்கள் கொண்ட பலகையில் இரண்டு பட்டைகளைப் பெரும்பாலும் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். அடுத்தடுத்துச் செருகினால் இரண்டும் ஒரே சானலில் சிக்கிக்கொள்ள, மற்றது வெறுமையாகக் கிடக்கும். நான்கையும் நிரப்புவதும் நன்மையாக முடிவதில்லை: ரைசன் 7000 வரிசைச் செயலிகளுக்கு இரண்டு பட்டைகளுடன் 5200 என்று வரையறுக்கப்பட்ட வேகம், நான்கு பட்டைகளுடன் 3600ஆகக் குறைகிறது. பின்னாளில் இன்னும் இரண்டு போட்டுக்கொள்ளலாம் என்னும் எண்ணம் டிடிஆர்5 காலத்தில் மறுபரிசீலனைக்குரியது.

வேகத்தைக் குறிக்கும் எண்ணோடு, கேட்ட தரவு வரத் தொடங்கும் வரை கழியும் துடிப்புகளைக் குறிக்கும் சிஎல் என்னும் எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும். டிடிஆர்4-3200 பட்டையின் கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ். அதில் சிஎல் 16 என்பது 10 நானோநொடி. டிடிஆர்5-6000 பட்டையில் சிஎல் 30 என்பதும் அதே 10 நானோநொடிதான். எண் பெரிதானதால் காத்திருப்பும் பெரிதாயிற்று என்று கொள்வது பிழை. பெட்டியில் அச்சிட்ட வேகம் தானாகவே கிடைத்துவிடுவதும் இல்லை. இன்டெல்லின் எக்ஸ்எம்பி அல்லது ஏஎம்டியின் எக்ஸ்போ என்னும் அமைப்பைப் பயாஸில் இயக்காவிட்டால், 6000 என விற்கப்படும் பட்டை பெரும்பாலும் 4800 என்னும் அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். வாங்கிய வேகத்தை ஒருநாளும் பயன்படுத்தாத கணினிகள் வீடுகளில் குறைவல்ல.

மலிவு விலையில் வரும் சேவையக ரேம் மற்றொரு கண்ணி. தரவு மையங்களிலிருந்து கழிக்கப்பட்ட இப்பட்டைகளில் கட்டளைக் குறிகைகளைத் தாங்கி அனுப்பும் இடைச்சில்லு ஒன்று உண்டு. ரெஜிஸ்டர்டு வகை எனப்படும் இவற்றை வழக்கமான வீட்டுப் பலகைகள் ஏற்பதில்லை. பழைய சீயான் செயலிகளுக்கென்று விற்கப்படும் எக்ஸ்99 போர்டுகளில் இவை இயங்கும் என்பதால், சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பட்டை வாங்குவோர் அதன் ஒட்டுச்சீட்டைப் படித்தறிவது நல்லது.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததும், விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட இன்டெல் செயலிகளை ஏற்காததும், போர்டு மாற்றத்துக்குப் பலரைத் தள்ளின. எச்81 போர்டும் டிடிஆர்3 ரேமும் கொண்ட நான்காம் தலைமுறைக் கணினிக்கு ரேம் கூட்டினாலும் இத்தடை நீங்காது. லினக்ஸுக்கு மாற இசைவோர்க்கு மட்டும் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டி சேமிப்பகமும் அக்கணினியை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டும். மாற்றத் துணிந்தவர் பழைய போர்டைக் கழற்றுமுன் பிட்லாக்கர் மறையாக்கத்தின் மீட்புத் திறவுகோலை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். வட்டைத் திறக்கும் சாவி பழைய பலகையின் அல்லது செயலியின் பாதுகாப்புச் சில்லில் இருப்பதால், புதிய பலகையில் வட்டு அத்திறவுகோலைக் கேட்கும். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமமும் பழைய போர்டைச் சார்ந்தது. தனியாக வாங்கிய உரிமத்தையே புதியதற்குக் கொண்டுசெல்லலாம்.

டிடிஆர்5 பலகையை முதன்முறை இயக்கும்போது திரை பல நிமிடங்கள் கறுத்தே இருக்கக்கூடும்; பட்டையின் ஒவ்வொரு தடத்துக்கும் ஏற்ற நேரக்கணக்கைச் செயலி அளந்துகொள்ளும் பயிற்சிக் கட்டம் அது, பழுது அன்று. அதை அறியாமல் மின்சாரத்தை நிறுத்தினால் பயிற்சி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். உண்மையிலேயே பழுதிருந்து பலகையைத் திருப்பித் தர நேர்ந்தால், சாக்கெட்டின்மேல் வந்த பிளாஸ்டிக் மூடியைத் திரும்ப மாட்டித்தான் கொடுக்க வேண்டும். வளைந்த முனைகளை உற்பத்தியாளர்கள் உத்தரவாதத்தில் ஏற்பதில்லை என்பதால், செயலியை அமர்த்தும்போது கழன்று விழும் அந்த மூடி பெட்டியிலேயே பத்திரமாக இருக்க வேண்டியது.