கிழித்து எறிய வேண்டிய போஸ்டருக்கு 3 கோடி ரூபாயா? பழைய பேய்ப் பட போஸ்டர்களின் மவுசுக்கு என்ன காரணம்?

படம் தியேட்டரை விட்டுப் போனதும் கிழித்துப் போடுகிற போஸ்டர் அது. அதுக்கு 3 கோடி ரூபாய்க்கு மேல விலை கிடைச்சிருக்குன்னு சொன்னா நம்புவீங்களா?

1931-ல் வெளியான 'டிராகுலா' படத்தின் போஸ்டர் ஒன்று, 2017 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் 5,25,800 டாலருக்கு விற்பனையானது. அன்றைய மதிப்பில் சுமார் 3.4 கோடி ரூபாய். ஒரு காகிதத்துக்கு ஏன் இவ்வளவு விலை?

கறுப்பு வெள்ளைப் படம், கலர் போஸ்டர்

'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்', 'தி மம்மி' என 1930-களின் தொடக்கத்தில் ஹாலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனம் வரிசையாகப் பேய்ப் படங்களை எடுத்தது. எல்லாமே கறுப்பு வெள்ளை. வீடுகளில் டிவி இல்லாத காலம். தெருவில் போகிறவரை நிறுத்தி, தியேட்டருக்குள் இழுக்க வேண்டிய பெரிய பொறுப்பு போஸ்டருக்கு இருந்தது. அதனால், திரையில் இல்லாத கலர் எல்லாம் போஸ்டரில் இறங்கியது.

1932-ல் வந்த 'தி மம்மி' போஸ்டரையே எடுத்துக்குவோம். கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் மம்மி, அதன் முன்னால் சிவப்பு உடையில் ஒரு பெண். படத்தில் துணி சுற்றிய அந்த மம்மி வருவது தொடக்கத்தில் கொஞ்ச நேரம்தான். ஆனா போஸ்டரில் ராஜா அதுதான்! இந்த போஸ்டர் 1997-ல் 4,53,500 டாலருக்கு ஏலம் போனது.

இதை வரைந்தவராகக் கருதப்படுபவர் ஹங்கேரியில் பிறந்த கரோலி குரோஸ். யுனிவர்சலின் விளம்பர ஓவியங்களைக் கவனித்தவர். அந்தக் கால போஸ்டர்கள் பலவற்றில் வரைந்தவரின் கையெழுத்தே இருக்காது.

எப்படி அச்சடித்தார்கள்?

லித்தோகிராஃபி முறையில். ஓவியத்தின் ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியாகக் கல்லிலோ உலோகத் தகட்டிலோ ஏற்றி, ஒன்றன் மேல் ஒன்றாக அச்சடிப்பார்கள். அதனால்தான் அந்த வண்ணங்களில் இன்றைக்கும் ஓர் அழுத்தம் தெரிகிறது.

ஏன் கிடைப்பதே இல்லை?

போஸ்டர்களை யாரும் பத்திரப்படுத்தவில்லை. ஓர் ஊரில் படம் முடிந்ததும் அதே போஸ்டர் அடுத்த ஊருக்குப் போகும். கிழிந்தால் குப்பைக்குப் போகும். இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதங்களைத் திரட்டியதிலும் ஏராளமானவை அழிந்தன.

தப்பியவை பெரும்பாலும் தற்செயலாகத் தப்பியவைதான். பென்சில்வேனியா மாகாணத்தின் பெர்விக் நகரில், ஒன்றோடொன்று பசையால் ஒட்டிக்கிடந்த ஒரு போஸ்டர் கட்டு கிடைத்தது. பிரித்துப் பார்த்தால், 33 போஸ்டர்கள்! 'டிராகுலா'வும் அதில் இருந்தது. 2012-ல் அவை மொத்தமாக 5 லட்சம் டாலருக்கு மேல் விலை போயின.

இப்போது இவை அருங்காட்சியகங்களிலும் இடம்பிடிக்கின்றன. 'மெட்டாலிகா' இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் கிர்க் ஹாம்மெட் சேகரித்த போஸ்டர்கள், 2017-ல் மாசசூசெட்ஸின் பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

படமே இல்லை, போஸ்டர் இருக்கு!

1927-ல் வெளியான 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' ஒரு மௌனப் படம். இதன் கடைசிப் பிரதி என்று அறியப்பட்டது, 1960-களில் எம்ஜிஎம் ஸ்டூடியோவின் கிடங்கில் ஏற்பட்ட தீ விபத்தில் எரிந்துபோனது. இன்று அந்தப் படத்தை யாராலும் பார்க்க முடியாது. ஆனால் அதன் போஸ்டர் ஒன்று தப்பிப் பிழைத்து, 2014-ல் 4,78,000 டாலருக்கு விற்பனையானது.

பத்திரமாகப் பூட்டி வைத்த படம் போய்விட்டது. தூக்கி எறிய அச்சடித்த காகிதம் நிலைத்துவிட்டது. இந்த போஸ்டர்களுக்கு கோடிகளைக் கொட்டிக் கொடுப்பவர்கள் வாங்குவது வெறும் காகிதத்தை அல்ல, இப்படி மிஞ்சிய கடைசித் தடயத்தைத்தான்.