முகக்கவசமும் லயன் அறையும்: தொற்றுக்கால மலையக வாழ்வு பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

1897ஆம் ஆண்டிலே, ஒன்றோடொன்று தொடர்பற்றனபோலத் தோன்றும் இரு நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லவ் நகரிலே மிக்குலிக்ஸ் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், தமது வாயினின்றும் வெளிப்படும் நுண்துளிகள் நோயாளியின் காயத்திற் படாதவாறு, மெல்லிய துணியொன்றால் வாயை மூடிக்கொண்டு பணிபுரியலானார். அதே ஆண்டில், பிரித்தானியர் ஆட்சியிலிருந்த இலங்கையிலே தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1896இல் பம்பாயிலே பரவத் தொடங்கிய பிளேக்கு நோய், இந்து சமுத்திரத்துத் துறைமுகங்களையெல்லாம் அஞ்சவைத்திருந்த காலம் அது.

மருத்துவரின் துணியும் குடியேற்ற ஆட்சியின் சட்டமும் 123 ஆண்டுகளின் பின்னர் ஓரிடத்திற் சந்தித்தன. 2020 ஒக்ரோபரில், மேற்குறித்த கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியான வர்த்தமானி அறிவித்தல், பொது இடங்களில் முகக்கவசம் அணிவதையும் ஒரு மீற்றர் இடைவெளி பேணுவதையும் கட்டாயமாக்கியது. மீறுவோருக்கு 10,000 ரூபா வரையான தண்டமோ, ஆறு மாதம் வரையான சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம் என்றாயிற்று.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் அதனைக் கைக்கொள்வதற்கு வேண்டிய பொருளியல் நிலைமைகள் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தனவா? இவ்வினாவை மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முகக்கவசத்தின் பயனை மறுப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. விஞ்ஞானத்தை நிராகரித்து உழைப்பாளர் நலன் பேசுவது முரண்பாடாகும். 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவிலே நுரையீரற் பிளேக்கு பரவியபோது, பினாங்கிற் பிறந்த ஊ லியென்-தே என்னும் இளம் மருத்துவர், நோய் மூச்சின் வழியே தொற்றுவது என்பதை உணர்ந்து, பஞ்சும் துணியும் கொண்ட கவசத்தை அணியுமாறு மருத்துவரையும் பணியாளரையும் வற்புறுத்தினார். அவர் கூற்றை ஏற்காது, கவசமின்றி நோயாளரைப் பரிசோதித்த மெனி என்னும் பிரெஞ்சு மருத்துவர் சில நாட்களில் அந்நோய்க்கே பலியானார். சத்திரசிகிச்சைக் கூடத்தை விட்டு வெளியேறிய முகக்கவசம் சமுதாயத்தின் கருவியாக மாறிய கட்டம் இதுவெனலாம்.

ஆனால் நோய்த்தடுப்பின் வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிகள் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடத்தப்பட்டனர். வாந்திபேதியும் காய்ச்சலும் அவ்வழியெங்கும் அவர்களைக் கொன்றன. பின்னர், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கடலுக்கு அக்கரையிலேயே மண்டபம் முகாமில் அவர்கள் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டு, பரிசோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். அம்முகாம் உயிர்களைக் காத்தது என்பது உண்மை. எனினும் காக்கப்பட்டது யாதென வினவுதல் வேண்டும். தொழிலாளி அங்கே நோயால் அல்லற்படும் மனிதனாகவன்றி, நோயைக் காவி வரக்கூடிய உடலாகவே நோக்கப்பட்டான். தோட்டத்துக்கு வேண்டியது அவ்வுடலின் உழைப்பு. தோட்டம் அஞ்சியது அவ்வுடலின் நோய். உழைப்பை உள்ளே எடுத்து, நோயை வெளியே நிறுத்துவதே மண்டபத்தின் தருக்கமாகும். இத்தருக்கம் 2020இல் எவ்வாறு மீண்டும் தொழிற்பட்டது என்பதே நாம் அடுத்துக் காணவேண்டியது.

3

2020 மார்ச் 20ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அலுவலகங்கள் மூடப்பட்டன, பாடசாலைகள் அதற்கு ஒரு வாரம் முன்னரே மூடப்பட்டிருந்தன. ஆயினும் தேயிலை நிற்கவில்லை. பெருந்தோட்டத் தொழில் அத்தியாவசியமானதெனக் கொள்ளப்பட்டு ஊரடங்கினின்றும் விலக்களிக்கப்பட்டது. 1883 முதல் கொழும்பிலே கூடி நடத்தப்பட்டு வந்த தேயிலை ஏலம், 2020 ஏப்ரலில் முதன்முறையாகக் கணினி வழியே நடைபெற்றது. வாங்குவோரும் விற்போரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே வணிகம் செய்ய இயன்றது. கொழுந்தைக் கணினி வழியே பறிக்க இயலாது. வர்த்தகம் வீட்டுக்குள்ளே சென்றது. உழைப்பு வெளியிலேயே நின்றது.

மலைச்சரிவிலே கொழுந்தின் சுமையுடன் ஏறி இறங்கும் பெண்ணுக்கு மூச்சு பெரிதும் வேண்டப்படுவது. மழையிலும் பனிமூட்டத்திலும் நனைந்த துணி அம்மூச்சை அடைப்பது. அவள் நிரையிலே நின்று கொழுந்து பறிக்கும் இடமோ காற்றோட்டமுள்ள திறந்த வெளி. தொற்று எளிதிற் பரவாத இடம். மாலையில் அவள் திரும்பிச் செல்வது ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான லயன் அறைக்கு. சமையலும் உறக்கமும் பிள்ளைகளின் படிப்பும் முதியோரின் நோயும் அங்கேதான். சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். குழாயும் மலசலகூடமும் பல இடங்களிற் பொது. தொற்று மிக எளிதாகப் பரவக்கூடிய இடம் அதுவே. ஆனால் உண்ணும்போதும் உறங்கும்போதும் முகக்கவசம் அணிய எவராலும் இயலாது.

எனவே, ஆபத்துக் குறைந்த வெளியிலே கவசம் கண்காணிக்கப்பட்டது. ஆபத்து மிகுந்த அறையிலே எவ்விதக் கவசமும் இருக்கவில்லை. சட்டம் கோரிய ஒரு மீற்றர் இடைவெளி என்பது வெறும் அளவன்று. அது இடத்தின் மீதான உரிமை. இடமில்லாதவருக்கு இடைவெளியும் இல்லை. தலைமுறை தலைமுறையாக வீட்டுரிமையும் காணியுரிமையும் மறுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்திடம் இடைவெளியைக் கோருவது, மறுக்கப்பட்ட சொத்தின் பலனை அவர்களிடமே கேட்பதற்கு ஒப்பாகும்.

தண்டப் பணத்தின் அளவையும் நோக்குதல் தகும். 2019 ஜனவரியிற் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. உச்சத் தண்டமாகிய 10,000 ரூபா ஏறத்தாழ 14 நாள் உழைப்புக்கு ஈடாகும். தனிமைப்படுத்தலுக்குரிய காலமும் 14 நாட்களே. உயர்ந்த வருமானமுடையோனுக்கு எச்சரிக்கையாக அமைந்த அதே தொகை, தொழிலாளிக்கு அரை மாதப் பட்டினியாக அமைந்தது. பல ஆண்டுகளாகக் கோரப்பட்டு வந்த 1,000 ரூபா நாட்சம்பளம் சம்பளச் சபையின் வழியே நடைமுறைக்கு வந்தது 2021 மார்ச்சிலேதான்.

4

தோட்டத்தின் வரலாறு இன்று தோட்ட எல்லையுடன் முடிவதில்லை. கடந்த சில தசாப்தங்களிலே மலையக இளந்தலைமுறையினர் கொழும்பின் கடைகளுக்கும் வீடுகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் பெருமளவிற் பெயர்ந்துள்ளனர். தாய் கொழுந்து பறிக்க, மகள் தையல் இயந்திரத்தின் முன் அமர்கிறாள். 1978இல் கட்டுநாயக்காவிலே தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயமும் அதனைப் பின்பற்றி எழுந்த தொழிற்சாலைகளும் இப்பெயர்வின் பொருளியற் களமாகும். அவற்றைச் சூழ்ந்துள்ள விடுதி அறைகள், பலர் ஒருங்கே வாடகைக்கு இருக்கும் புதிய லயன்களே.

2020இல் மேலைநாட்டுச் சந்தைகள் முடங்கியபோது ஆடைக்கான கட்டளைகள் இரத்தாயின. தொழிற்சாலைகள் பல முகக்கவசங்களையும் பாதுகாப்பு அங்கிகளையும் தைத்து ஏற்றுமதி செய்யத் தலைப்பட்டன. உலகின் மூச்சைக் காக்கும் துணி இப்பெண்களின் கைகளினூடாகச் சென்றது. அவ்வாண்டு ஒக்ரோபர் தொடக்கத்தில் மினுவாங்கொடையிலுள்ள ஆடைத் தொழிற்சாலையொன்றிலே தொற்று வெளிப்பட்டது. ஒரு வாரத்துக்குள் அதனோடு தொடர்புடைய தொற்றாளர் தொகை 1,000ஐத் தாண்டியது. முகக்கவசம் கட்டாயமான வர்த்தமானி இதன் பின்னரே வெளியாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

விடுதிகளிலிருந்து தொழிலாளர் போதிய அவகாசமின்றித் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டதாகத் தொழிலாளர் அமைப்புக்கள் முறையிட்டன. ஆடைத் தொழிற்சாலைப் பெண் என்ற பெயரே அக்கம்பக்கத்தார் ஒதுங்கும் பெயராயிற்று. நவம்பரிலே, தீபாவளியை அண்டிய நாட்களில், மேல் மாகாணத்தை விட்டு வெளியேறுதல் தடைசெய்யப்பட்டது. தொற்று மலையேறாதிருக்க அது வேண்டியதாயிருந்திருக்கலாம். ஆயினும் மண்டபத்தின் தருக்கம் இங்கே மீளக் காணப்படுகிறது. உழைப்பு நகரத்துக்குத் தேவை. உழைத்த உடலோ எங்கும் ஐயத்துக்குரியது. ஒரு வேறுபாடு மட்டுமே: அன்று அவர்களைத் தடுத்த எல்லை கடலாக இருந்தது, இன்று அது மாகாண எல்லையாயிற்று.

5

இலக்கிய மாணவன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றியும் கூறவேண்டும். தொற்றுக்காலம் தமிழிலே பரவலாக்கிய சொற்களுள் ‘தனிமைப்படுத்தல்’ முதன்மையானது. ஊரடங்கு நாட்களில் எழுந்த கவிதைகள் பல, தனிமையைப் பாடின; மூடிய கதவையும் வெறிச்சோடிய வீதியையும் மனத்தின் வெறுமையையும் பாடின. அவை பொய்யுணர்வுகள் அல்ல. ஆனால் தனியறை உள்ளவனுடைய உணர்வுகள் அவை. லயன் அறையிலே தனிமை என்றுமே இருந்ததில்லை. எனவே அதனால் விளையும் துயரும் அங்கில்லை. அங்குள்ள துயர் வேறு: நோயுற்றவரை ஒதுக்கி வைக்க ஒரு மூலை இல்லாத துயர். மத்தியதர வர்க்கத்தின் அனுபவம் மனித குலத்தின் அனுபவமாக முன்வைக்கப்படும்போது, இத்தகைய துயர் இலக்கியத்தின் பார்வையினின்றும் மறைந்துவிடுகின்றது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள், முன்னைய தலைமுறையினரின் துயரைத் தாமே பாடியோரின் குரல்கள். தொற்றுக்காலத்தின் அத்தகைய குரல்கள் இன்னும் சேகரிக்கப்படவேண்டியுள்ளன. அது நம் பல்கலைக்கழக மாணவர்கள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும். நினைவு மங்குமுன் செய்யவேண்டிய பணியுமாகும்.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகும். முகக்கவசம் தன்னளவிற் பயனுள்ள கருவி. ஆனால் வீடும் கூலியும் காற்றும் வேண்டிய இடத்தில் துணியை மட்டும் வைத்தபோது, சமுதாயத்தின் பொறுப்பாக இருக்கவேண்டியது தனிமனிதனின் ஒழுக்கப் பிரச்சினையாக மாற்றப்பட்டது. நோயுற்றவன் கவனமற்றவன் என்ற கருத்து அவ்வாறே பிறந்தது. லயன் அறையைக் கட்டியவர் யார், அதனை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நிலைநிறுத்தியவர் யார் என்ற வினா எழாமற் போயிற்று.

2022இல் முகக்கவசக் கட்டாயம் நீக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19 தொடர்பான சர்வதேச அவசர நிலை முடிவுற்றதென அறிவித்தது. துணி முகத்தினின்றும் அகன்றுவிட்டது. 10 அடிக்கு 12 அடி அறை அகலவில்லை. அடுத்த தொற்று எப்பெயருடன் வரினும், அவ்வறை இருக்கும்வரை, அதன் கதவையே அது முதலிற் தட்டும்.