சுல்தானின் தாயத்தும் சிப்பாயின் கடுக்கனும்

சென்ற இதழில், 1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் இரவு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வாயிலொன்றில் குவிந்து கிடந்த சடலங்களினிடையே, திப்பு சுல்தானின் உடல் தீவட்டி வெளிச்சத்தில் அடையாளம் காணப்பட்டதோடு நிறுத்தியிருந்தோம். அவ்வுடலைக் கண்ட மேஜர் ஆலன் எழுதி வைத்த குறிப்பில், தலைப்பாகை எங்கோ விழுந்துவிட்டதென்றும், மேனியில் ஆபரணம் யாதொன்றும் இல்லையென்றும், கையில் ஒரு ரக்ஷை மட்டும் இருந்ததென்றும் காணப்படுகிறது. பூவேலை செய்த பட்டுத் துணிக்குள் வைத்துத் தைத்து வலக்கரத்தில் கட்டியிருந்த அந்தத் தாயத்தைப் பிரித்தபோது, வெள்ளி நிறங்கொண்டு எளிதில் நொறுங்கும் ஓர் உலோகத் துண்டும், அரபி, பாரசீக எழுத்துக்களில் மந்திரங்கள் வரைந்த தாள்களும் வெளிப்பட்டன.

அப்படியிருக்க, 2014-ஆம் ஆண்டு லண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தார் 1,45,000 பவுனுக்கு ஏலம் விட்ட 41.2 கிராம் எடையுள்ள பொன் மோதிரம், அச்சுல்தானின் விரலிலிருந்து எடுக்கப்பட்டதே என்று சொல்லப்பட்டதை நான் ஐயத்தோடுதான் ஏற்க வேண்டியிருக்கிறது. தேவநாகரியில் 'ராம்' என்ற நாமம் புடைப்பாக அமைந்த மோதிரம் அது. ஆலன் வருமுன்பே யாரேனும் கழற்றியிருக்கலாம் என்பதும் உண்மையே. ஆயினும், கண்டவர் எழுதிய வாக்குமூலத்திற்குத்தான் என் மனத்தில் முதலிடம்.

எழுத்துப் பொறித்த ரக்ஷையை அணிந்து போர்க்களம் புகும் வழக்கம் ஒரு சமயத்தாருக்கோ ஒரு தேசத்தாருக்கோ மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் வடக்கே கார்லைல் நகருக்கு அருகில் 1817-இல் மண்ணிலிருந்து கிடைத்து, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பொன் மோதிரமொன்றில், ரூன் எனப்படும் பழைய வரிவடிவத்தில் முப்பது எழுத்துக்கள் உள்ளன. அவற்றுள் இருபத்தேழு வெளிவட்டத்திலும், மூன்று விரலைத் தொடும் உட்புறத்திலும் அமைந்தவை. அவற்றைக் கூட்டி வாசித்தால் பொருள் தருவதில்லை. ஆனால் குருதிப் பெருக்கை நிறுத்த ஆங்கிலேயரின் பழைய வைத்திய ஏடொன்று சொல்லும் மந்திரத்தின் ஒலிகள் அதில் தென்படுவதாக அறிஞர் கருதுகின்றனர். நம் தர்காக்களில் ஓதிக் கட்டும் தாயத்தையும், கோயில் வாசலில் மந்திரித்துத் தரும் செப்புத் தகட்டையும் நாம் பிரித்துப் படிப்பதுண்டோ? மெழுகிட்டு மூடிக் கறுப்புக் கயிற்றில் கோத்தபின், உள்ளிருக்கும் எழுத்து அணிந்தவனுக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டதாகிவிடுகிறது. அது இருக்கிறது என்ற நினைவே அவனுக்குக் கவசம்.

இந்தக் கவசத்தின் மீதுதான், சுல்தானின் மக்களைச் சிறை வைத்திருந்த வேலூர்க் கோட்டையில், கும்பினியார் அறியாமல் கை வைத்தார்கள். 1805-இன் இறுதியிலும் 1806-இன் தொடக்கத்திலும் சென்னைப் படைத் தலைவர் சர் ஜான் க்ராடக்கின் அதிகாரத்தில் பிறந்த உத்தரவுகளின்படி, சீருடையணிந்த சிப்பாய் நெற்றியில் சமயக் குறி இடலாகாது, காதில் கடுக்கன் அணியலாகாது, தாடியை மழித்துவிட வேண்டும், தோலாலான குஞ்சம் வைத்த புதுவிதத் தலைப்பாகையைத் தரிக்க வேண்டும். முகம்மதியச் சிப்பாய்களில் பலர் அணிந்திருந்த கடுக்கன் வெறும் அலங்காரமன்று. பிறந்தபொழுதே ஒரு மகானின் பெயரால் நேர்ந்து, தீங்கு தீண்டாதிருக்கப் பெற்றோர் பூட்டியது. தாய் பூட்டிய காப்பை அணிவகுப்புக்காகக் கழற்றி வைக்கச் சொல்வதும், குண்டு பாயும் இடத்தில் அவனை முன்னே நிறுத்துவதும் ஒரே வாயிலிருந்து வந்தால், அவன் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

தோல் குஞ்சத்தின் கதையோ இன்னும் கொடியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பள்ளத்தாக்கு நெடுகத் தோல் பதனிடுவதையே ஜீவனமாகக் கொண்ட குடும்பங்கள் வாழும் இவ்வட்டாரத்தில், மயிர்க்கால்களின் வரிசையைக் கண்ணால் பார்த்து விரலால் தடவி, இது ஆடு, இது மாடு என்று சொல்லிவிடும் கைதேர்ந்தவர்கள் இன்று எத்தனையோ பேர். அன்றைய சிப்பாயிடமோ எந்த விலங்கின் தோல் என்று யாரும் சொல்லவில்லை. பசுவோ என்று ஹிந்துவும், பன்றியோ என்று முகம்மதியனும் ஒருசேர அஞ்சினர். உடலைக் காத்த வளையத்தைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, தீட்டென்று அஞ்சிய பொருளைச் சிரசில் ஏற்றியதாகவே இருவருக்கும் பட்டது. மே மாதத்தில் தலைப்பாகையை ஏற்க மறுத்தவர்களுள் ஒரு ஹிந்துவுக்கும் ஒரு முகம்மதியனுக்கும் கசையடி கொடுத்துப் படையிலிருந்து நீக்கினார்கள். அதன்பின் அச்சம் அடங்காமல் வளர்ந்தது.

சுல்தானின் குடும்பத்தார் தூண்டுதலே காரணம் என்று அக்காலத்து அதிகாரிகள் பலர் எழுதினர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். கோட்டையில் திப்புவின் புலிக்கொடி ஏறியதும் உண்மை. ஆயினும், தூண்டுதல் பற்றிக்கொள்ள உலர்ந்த விறகு வேண்டும். அதை அடுக்கி வைத்தது உடை பற்றிய அந்த உத்தரவுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள்; கர்னல் ஃபான்கோர்ட் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர்; ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கில்லெஸ்பி, அன்றைய தினமே கோட்டையை மீட்டு, மிகக் கொடிதாகப் பழி தீர்த்தார்.

புதுத் தலைப்பாகையும், கடுக்கனையும் குறியையும் விலக்கிய விதியும் பின்னர் ரத்து செய்யப்பட்டன. கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் க்ராடக்கும் 1807-இல் திரும்ப அழைக்கப்பட்டனர். சுல்தானின் புதல்வர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களோடு போகாமல் வேலூர் மண்ணிலேயே அடக்கமான ஹைதர், திப்பு ஆகியோரின் அரண்மனைப் பெண்டிரைப் பற்றியும், அவர்களுடைய கல்லறைகளைப் பற்றியும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)