பல்லும் சில்லும்

இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்வெளியிற் சேற்றுழவு நடைபெறும் வேளையில் வரம்பில் நின்று நோக்குவோர் ஓர் உண்மையை எளிதில் உணர்வர். உழவு இயந்திரம் பேரொலி எழுப்புகின்றது. எனினும் மனிதன் நடக்கும் வேகத்திலேயே அது ஊர்ந்து செல்கின்றது. அறுவடைக் காலத்தில் அதே இயந்திரம் நெல்மூடைகள் ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு கண்டி வீதியில் விரைந்து ஓடுகின்றது. வயலில் உழுத எஞ்சினும் வீதியில் ஓடிய எஞ்சினும் ஒன்றே. இடையில் மாறியது பற்சில்லுகளின் சேர்க்கை மட்டுமே.

பற்சில்லு புதிதாக எந்த வலுவையும் உண்டாக்குவதில்லை. அது செய்வது ஒருவகைப் பண்டமாற்று. 10 பற்கள் கொண்ட சிறிய சில்லு 40 பற்கள் கொண்ட பெரிய சில்லைச் சுழற்றுமாயின், பெரிய சில்லு நான்கில் ஒரு பங்கு வேகத்தில் மட்டுமே சுழலும். ஆனால் அதன் முறுக்கு விசை, உராய்வில் இழப்பது போக, ஏறத்தாழ நான்கு மடங்காகும். வேகத்தைக் கொடுத்து விசையைப் பெறலாம். விசையைக் கொடுத்து வேகத்தைப் பெறலாம். இரண்டையும் ஒருங்கே பெறுதல் எவர்க்கும் இயலாது. எந்த நிலத்தில், எந்தச் சுமைக்கு, எதனை எவ்வளவு கொடுப்பது என்ற வினாவே ஊர்திகளின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்த வினாவாகும். மாட்டுவண்டி தொடக்கம், இன்று இளைஞர் கையில் ஏந்தி மகிழும் வானொலிக் கட்டுப்பாட்டுச் சிறு கார் ஈறாக, யாவும் அவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளே.

மாட்டுவண்டிக்குப் பல் இல்லை. அதன் வேகம் எருதின் நடையே. அதன் விசை எருதின் தோளே. வண்டி செய்யும் தச்சன் தெரிந்தெடுக்கக்கூடியது சில்லின் அளவு ஒன்றுதான். பள்ளமும் வேரும் நிறைந்த காட்டுப்பாதையில் சிறிய சில்லு குழியில் அமிழ்ந்து நின்றுவிடும். பெரிய சில்லு அதனைக் கடந்துவிடும். ஆதலின் வன்னியின் காட்டுத் தடங்களில் ஓடிய வண்டிகளுக்கு உயர்ந்த மரச்சில்லுகளே பொருந்தின. வயலிலோ எருமைகள் சேற்றை மிதித்துப் பதப்படுத்தின. களத்தில் மாடுகள் சூடு மிதித்தன. நிலத்துக்கேற்ற விலங்கைத் தெரிதலே அக்காலத்து விகிதத் தெரிவு எனலாம்.

துவிச்சக்கரவண்டியோடு பற்கள் வந்தன. ஐரோப்பாவில் முதலில் வழங்கிய உயர்சில்லு வண்டியில் மிதி முன்சில்லின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. வேகம் வேண்டுமாயின் சில்லையே பெரிதாக்க வேண்டும். அதனால் ஓட்டுநர் ஆளுயரத்தில் அமர்ந்து ஆபத்தோடு செல்ல நேர்ந்தது. 1880 இல் ஹான்ஸ் ரெனோல்ட் என்பவர் உருளைச் சங்கிலியை ஆக்கினார். 1885 இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி, கொவென்ட்ரி நகரில், பின்சில்லைச் சங்கிலியால் இயக்கும் ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். அன்றுமுதல் வேகத்தைச் சில்லின் உயரம் தீர்மானிக்கவில்லை; பற்களின் எண்ணிக்கை தீர்மானித்தது.

வன்னியிற் பழகிய 28 அங்குலச் சில்லு வண்டி ஒன்றைக் கொள்வோம். முன்னே 48 பற்களும் பின்னே 18 பற்களும் இருப்பின், மிதி ஒருமுறை சுழல வண்டி ஏறத்தாழ 6 மீற்றர் செல்லும். பின்னே 22 பற்கள் உள்ள பிறீவீலைப் பூட்டினால் அது 5 மீற்றருக்குச் சற்றுக் குறையும். வெறும் வண்டியில் நகருக்குச் செல்வோன் முன்னதை விரும்புவான். கரியரில் விறகுக் கட்டை ஏற்றி எதிர்க்காற்றிற் செல்வோனுக்குப் பின்னதே துணை. நான்கு பற்களின் வேறுபாடு மாலையில் முழங்கால்களுக்குத் தெரிந்துவிடும்.

குளங்கள் திருத்தப்பட்டுக் குடியேற்றங்கள் பெருகியபோது எருமையின் வேகம் போதாதாயிற்று. 1950களில் இருசில்லு உழவு இயந்திரம் இலங்கை வயல்களுக்கு வந்தது. அதன் ஆக்கத்தில் முதன்மையான பங்குகொண்டவர் இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்த்தன (1924–2010). இங்கிலாந்தில் ‘லான்ட்மாஸ்டர்’ என்னும் பெயரோடு உற்பத்தியான அவ்வியந்திரத்தின் பெயர், பின்னர் வந்த ஜப்பானிய இயந்திரங்களுக்கும் பொதுப்பெயராகி, இன்றும் நாட்டுப்புறத்தில் வழங்குகின்றது. வீதியில் அதற்கு இறப்பர்ச் சில்லு. சேற்றில் இரும்புக் கூட்டுச் சில்லு. எஞ்சின் சிறிதாயினும், பற்சில்லுப் பெட்டி அதன் விரைந்த சுழற்சியைப் பலமடங்கு குறைத்து மண்ணைப் பிளக்கும் விசையாக மாற்றியது.

இவ்விடத்திற் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. விஜேவர்த்தன பிற்காலத்தில் தம் ஆக்கத்தைத் தாமே கடிந்து நோக்கினார். வேளாண்மையை இயந்திரமயமாக்கியதாக எண்ணிய தாம், உண்மையில் எருமையை மட்டுமே இயந்திரமயமாக்கிவிட்டதாக அவர் கருதினார். மண்ணைப் புரட்டுதல் அத்துணை வேண்டியதுதானா என்ற வினாவையும் எழுப்பி, மண்காக்கும் வேளாண்மைக்காக உழைத்தார். ஓர் இயந்திரத்தை மேம்படுத்து முன்னர், அது செய்யும் வேலை எத்தகையது என்று கேட்டல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நான்குசில்லு இயந்திரங்களுள் வன்னியிற் பெயர்பெற்றது மசி பெர்குசன். அதன் 35 ஆம் இலக்க இயந்திரத்தில் மூன்று விகிதங்களும், அவற்றை மேல், கீழ் எனப் பிரிக்கும் மற்றொரு தொகுதியும் சேர்ந்து, முன்செல்ல ஆறு வேகங்களும் பின்செல்ல இரண்டும் கிடைத்தன. கீழ் வேகத்திற் சேறு உழலாம். களத்தில் நெற்கதிர்களைச் சுற்றிவந்து சூடு மிதிக்கலாம். மேல் வேகத்திற் சந்தைக்குச் செல்லலாம். மாடும் எருமையும் வண்டியும் செய்த மூன்று வேலைகளை ஒரு நெம்பை அசைத்துப் பெற முடிந்தது.

பின்னர் கடுங்காலம் வந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோல், டீசல், மின்கலம் முதலிய பொருள்கள் வடக்கின் பெரும்பகுதிக்குச் செல்வதற்குத் தடைகள் விதிக்கப்பட்டன. வன்னியில் இந்நிலை 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தம் வரை நீடித்தது. 1995 ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் பலரும் வன்னியை அடைந்தனர். பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயால் ஓடும்படி எஞ்சின்கள் மாற்றப்பட்டன. அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களே அதனைத் தாங்கின. புதிய எஞ்சின்கள் தட்டொலி எழுப்பிக் கரி படிந்து விரைவில் நலிந்தன. புதுமை எப்பொழுதும் மேன்மையன்று என்பதை மக்கள் அன்று கண்டனர்.

எண்ணெய் இல்லாத வேளையிற் பாரம் மீண்டும் துவிச்சக்கரவண்டியின் மேல் ஏறியது. விறகு, நெல், நோயாளி, குழந்தை யாவரையும் யாவற்றையும் அதுவே சுமந்தது. இரவில் அதற்கு இன்னொரு பணியும் இருந்தது. மின்கலம் கிடையாத வீடுகளில், வண்டியை நிறுத்தித் தாங்கியில் ஏற்றி மிதியைச் சுழற்ற, டைனமோவின் மின்னால் வானொலி பேசியது. டைனமோவின் சிறு உருளையின் விட்டம் 2 சதமமீற்றருக்குச் சற்று மேற்பட்டது. சில்லின் விட்டமோ 71 சதமமீற்றர். ஆதலின் சில்லு ஒருமுறை சுழல உருளை ஏறத்தாழ 30 முறையும், மிதி ஒருமுறை சுழல ஏறத்தாழ 80 முறையும் சுழலும். மெல்ல மிதித்தாற் குரல் தேயும். மிக விரைந்து மிதித்தால் வானொலியே கெடக்கூடும். ஒருவர் மிதிக்கச் சூழ இருந்தோர் செய்தி கேட்டனர். அச்செய்தியில் உறவினர் ஊரின் பெயர் வருமோ என்ற அச்சத்தோடு கேட்டனர். விகிதம் பற்றிய பாடத்தை இதனினும் கொடிய வகுப்பில் எவரும் கற்றிரார்.

2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில் மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தபோது உழவு இயந்திரப் பெட்டிகளே வீடுகளாயின. அவ்வாண்டு மே மாதம் முல்லைத்தீவுக் கடலோரத்திற் போர் முடிவுற்றது. கைவிடப்பட்ட ஊர்திகளும் துவிச்சக்கரவண்டிகளும் அங்கு நெடுநாள் குவிந்து துருவேறிக் கிடந்தன. திரும்பி வந்தோர் வயலை மீண்டும் உழுதபோது, மீண்டும் கீழ் விகிதத்திலிருந்தே தொடங்கினர்.

அவ்வினாவின் மிகச் சிறிய வடிவம் இன்று விளையாட்டுப் பொருளில் உள்ளது. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் 1976 இல் போர்ஷே 934 காரின் சிற்றுருவை வானொலி அலைகளால் இயங்குமாறு வெளியிட்டது. அந்நிறுவனம் 2013 இல் வெளியிட்ட ‘டிடி-02’ என்னும், பத்தில் ஒரு பங்கு அளவான காரில், மோட்டாரின் அச்சில் 22 பற்களும் அதனாற் சுழலும் சில்லில் 70 பற்களும் உள்ளன. உள்ளமைந்த 2.6 விகிதத்தோடு பெருக்கினால் மொத்த விகிதம் 8.27, அஃதாவது மோட்டார் 8.27 முறை சுழலச் சில்லு ஒருமுறை சுழலும். மோட்டார்ப் பற்சில்லை 25 பற்கள் உடையதாக மாற்றின் விகிதம் 7.28 ஆகும். கணக்கின்படி வேகம் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பங்கு கூடும். ஆனால் இழுவை குறையும், மோட்டார் மிகுந்த மின்னைப் பருகிச் சூடேறும். நீண்ட நேர்ப்பாதைக்கு இது பொருந்தும். வளைவுகள் மலிந்த குறுகிய தளத்தில் மோட்டாரைக் கருக்கிவிடும்.

மேம்படுத்தலிலும் முறையுண்டு. முதலில் நெகிழித் தாங்கிகளை நீக்கி உருள்குண்டு பெயரிங்குகளை இடுதல் நன்று. ஏனெனில் அது உராய்வைக் குறைக்கின்றதேயன்றி எவ்வுறுப்பின் மேலும் புதுச்சுமை ஏற்றுவதில்லை. அடுத்துத் தளத்துக்கேற்ற டயர். விரைவு மிக்க மோட்டார் இறுதியில் வரவேண்டும். வரும்போது வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் மின்கலமும் அதன் பசியைத் தாங்குவனவா என்று ஆராய்தல் வேண்டும். பற்சில்லையும் சிறிதாக்கியே தொடங்கல் வேண்டும். இரு பற்சில்லுகளுக்கும் இடையே மெல்லிய தாள் நுழையும் இடைவெளி விட்டு, சில நிமிடம் ஓட்டி, மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு பல் மட்டுமே கூட்டுதல் அறிந்தோர் வழக்கம். விரல் பொறாத சூடு கண்டால் ஒரு பல் குறைக்க வேண்டும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. அங்கு கற்கும் மாணவர் பற்சில்லின் கணக்கை ஏட்டிற் காண்பர். அந்நகரைச் சூழ்ந்த வயல்களில் அதே கணக்கை ஏடின்றி அறிந்த முதியோர் இன்னும் உளர். சேறு ஆழமா, சுமை எவ்வளவு, எஞ்சின் சூடேறியதா என்று பார்த்தபின்னரே அவர் கை நெம்பின்மேற் செல்லும்.